டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு தின் கிளையன்ட் வைக்கப்போகும் கொள்முதல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். டெஸ்க்டாப் வைத்திருந்த அலுவலகங்களில் இருந்திருக்கிறேன். தின் கிளையன்ட்டுக்கு, அதாவது வேலையையெல்லாம் சர்வர் என்ற பொதுக் கணினியில் நடத்தி அதன் திரையை மட்டும் மேசையில் காட்டும் சிறு பெட்டிக்கு, மாறிய அலுவலகங்களிலும் இருந்திருக்கிறேன். மாறிவிட்டு, பாதிப் பேருக்கு மறுபடி டெஸ்க்டாப்பே கொடுக்க நேர்ந்த ஓர் இடத்திலும் வேலை பார்த்தேன். அந்தக் கடைசி அனுபவம்தான் இதை எழுதவைக்கிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போடுவதென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பிராசசர் வேண்டும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப்களைக்கூட என்ன செய்வது என்ற கேள்வி பல அலுவலகங்களில் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறது. கூடவே ஒரு யோசனையும் உங்கள் முன் வைக்கப்பட்டிருக்கும். மேசைக்கு மேசை முழுக் கணினி எதற்கு, உள்ளங்கை அளவில் ஒரு தின் கிளையன்ட் போதும், வேலையெல்லாம் சர்வரில் நடக்கட்டும், மின்சாரம் மிச்சம், பராமரிப்பு மிச்சம், பாதுகாப்பும் கூடும். இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு முழுக்க ஒருவர் மட்டும் விடுபட்டிருக்கிறார். காலையில் வந்து அந்தத் திரைக்கு முன்னால் எட்டு மணி நேரம் உட்காரப்போகிறவர். அவர் ஒரு விசையை அழுத்தினால் அந்த எழுத்து எவ்வளவு நேரத்தில் திரையில் தெரியும்? அதை அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

நான் சொன்ன அந்த அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். இருபது வருடமாக வவுச்சர் பதிவு செய்பவர். வலது கை எண் விசைகளின் மேல் இருக்கும், கண் காகிதத்தில் இருக்கும். ஒரு வவுச்சர் முடிந்து எண்டர் அடிக்கும்போது மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து திரையைப் பார்ப்பார். தின் கிளையன்ட் வந்த இரண்டாவது வாரம், அவர் போட்ட வவுச்சர்களில் சில இரண்டு முறை ஏறியிருந்தன. விளக்கம் கேட்டார்கள். அவருக்கு முகமே வாடிவிட்டது. நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். எண்டர் அடிக்கிறார், நிமிர்கிறார், திரையில் அசைவில்லை. சரியாக அழுத்தவில்லையோ என்று இன்னொரு முறை அடிக்கிறார். முதல் எண்டரே சர்வருக்குப் போய்ச் சேர்ந்து வேலையை முடித்திருந்தது. அதன் விளைவுதான் இன்னும் அவர் திரைக்குத் திரும்பி வரவில்லை. இரண்டாவது எண்டர், ‘இதே போல் இன்னொன்று சேமிக்கவா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்லிவிட்டது. அப்படி ஒரு கேள்வி வந்ததே அவருக்குத் தெரியாது.

ஒரு மாதத்தில் அவர் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். ஒரு விசை, ஒரு பார்வை. மறுபடி ஒரு விசை, ஒரு பார்வை. தப்பு நின்றுவிட்டது, இருபது வருடத்தில் கைக்கு வந்த வேகமும் அதோடு நின்றுவிட்டது. சர்வர் அறையில் இருந்த கண்காணிப்புத் திரையில் அந்த மாதம் முழுக்க எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது.

இந்தத் தாமதம் சின்ன விஷயம் என்று தோன்றினால், இது கணினித் துறையே வெகு நாட்களுக்கு முன் ஆராய்ந்து முடித்த விஷயம் என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். 1982-இல் ஐபிஎம் நிறுவனத்தின் வால்டர் டொஹெர்ட்டியும் தடானியும் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. கணினி பதில் சொல்லும் நேரம் ஒரு நொடிக்கும் கீழே இறங்க இறங்க, அடுத்த கட்டளையைக் கொடுக்க மனிதர் எடுத்துக்கொள்ளும் நேரமும் சேர்ந்து குறைகிறது என்று அதில் காட்டினார்கள். கணினி ஒரு நொடி மிச்சம் பிடித்தால் மனிதர் அதற்கு மேலும் மிச்சம் பிடிக்கிறார். காத்திருக்கும்போது சிந்தனை அறுந்துபோகிறது, அதை மறுபடி பிடித்துக் கட்ட நேரம் ஆகிறது, அதுதான் காரணம். அவர்கள் ஆராய்ந்தது மேசைக் கணினிகளையும் அல்ல. மெயின்ஃப்ரேம் என்ற பெரிய மையக் கணினியோடு இணைத்த டெர்மினல்களில், அதாவது திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ள முனையங்களில், வேலை பார்த்தவர்களைத்தான். அதாவது, இன்றைய தின் கிளையன்ட்டின் தாத்தாவை வைத்துச் சொன்ன முடிவு அது.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 2000 முறை எண்டரோ மவுஸோ தட்டி, பதிலுக்குக் காத்திருக்கும் வேலை ஒருவருக்கு இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் அரை நொடி கூடினால் 1000 நொடி. கிட்டத்தட்ட 17 நிமிடம். அது வெறும் காத்திருப்பு மட்டும். சிந்தனை அறுவதால் போகும் நேரம் இதில் சேரவில்லை.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எதற்குப் பணம் செலவிட வேண்டும் என்பது புரியும். டெஸ்க்டாப்பில் விசையை அழுத்தினால் பிராசசரும் ரேமும் டிஸ்க்கும் அதே பெட்டிக்குள் இருக்கின்றன. தின் கிளையன்ட்டில் அந்த விசை நெட்வொர்க் வழியே சர்வருக்குப் போகிறது. அங்கே அது தன் முறைக்குக் காத்திருக்கிறது. மென்பொருள் அதை வாங்கிக்கொண்டு திரையை மாற்றி வரைகிறது. மாறிய பகுதியைப் படமாகச் சுருக்கி, மறுபடி நெட்வொர்க்கில் அனுப்பி, தின் கிளையன்ட் அதை விரித்துத் திரையில் காட்டுகிறது. ஒரே கட்டடத்துக்குள், நல்ல கேபிளில், சர்வர் ஓய்வாக இருக்கும்போது இந்தப் போக்குவரத்து கண்ணுக்கே தெரியாது. சர்வர் தொலைவில் இருந்தால் நிலைமை வேறு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். 1000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பவே குறைந்தது 10 மில்லிசெகண்ட். வழியில் உள்ள கருவிகளும் நெரிசலும் அதைப் பல மடங்காக்கும். அகலமான இணைப்பு வாங்கினால் இது தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். அகலம் வேறு, தாமதம் வேறு. எட்டு வழிச் சாலை போட்டாலும் ஊருக்கு உள்ள தூரம் குறையாது. நடுவில் பாக்கெட்டுகள், அதாவது தரவைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டுகள், தொலைந்துபோகும் இணைப்பாக இருந்தால் இன்னும் மோசம். எழுத்துகள் சிறிது நேரம் வராமல் நின்று, பிறகு ஒரு கொத்தாக வந்து விழும்.

ஆனால் என் அனுபவத்தில் நெட்வொர்க்கைவிட அதிகமாகக் கழுத்தைப் பிடிப்பது சர்வரின் டிஸ்க். எல்லோரும் ஒன்பது மணிக்கு வருகிறார்கள். ஒன்பதிலிருந்து ஒன்பதே காலுக்குள் அத்தனை பேரும் லாகின் செய்கிறார்கள். ஒவ்வொரு லாகினும் அந்தப் பயனரின் அமைப்புகளும் கோப்புகளும் உள்ள ப்ரொஃபைலைத் திறக்கிறது, மெயிலைத் திறக்கிறது, பிரவுசரைத் திறக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளை டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் தேடி எடுக்கவேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஒரு ஹார்ட் டிஸ்க், இப்படிச் சிதறிய வேலைகளில் நொடிக்கு 100 அளவுக்குத்தான் செய்து முடிக்கும். டெஸ்க்டாப்பில் அந்த 100-ம் ஒருவருக்கே கிடைத்தது. சர்வரில் எட்டு டிஸ்க் வைத்து, அதை 90 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். நான் சொன்ன அலுவலகத்தில் நடந்தது இதுதான். பெட்டிகளில் மிச்சம் பிடித்த ஆர்வத்தில் சர்வருக்கும் சுழலும் டிஸ்க்கையே வாங்கியிருந்தார்கள். காலையில் பாஸ்வேர்டு போட்டுவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போவது வழக்கமாகிவிட்டது. திரும்பி வரும்போதும் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு எஸ்.எஸ்.டி. எனப்படும், சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்குகளின் அடுக்கு வாங்கிப் போட்டதும் லாகின் சீரானது. முதலிலேயே செய்திருக்கலாம்.

ஆன்டிவைரஸின் முழுச் சோதனை சர்வருக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓடும் மெய்நிகர் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே மணிக்குத் தொடங்கினாலும், அப்டேட்டுகள் ஒரே மணிக்கு இறங்கினாலும் இதே கதைதான்.

சராசரியை நம்பாதீர்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். நாள் முழுவதற்குமான சிபியூ பயன்பாடு 40 சதவீதம் என்று அறிக்கை வரும். இரவு முழுக்கவும் மதிய உணவு நேரத்திலும் சும்மா இருந்த சர்வரின் கணக்கையும் சேர்த்து எடுத்த சராசரி அது. கணக்குப் பிரிவின் மாதக் கடைசி நாள் அதற்குள் புதைந்து காணாமல் போயிருக்கும். அன்றைக்குத்தானே வேகம் வேண்டும்?

கணக்குப் பிரிவு என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். சர்வர் பிராசசரில் கோர்கள், அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் அலகுகள், நிறைய இருக்கும், ஆனால் தனி ஒரு கோரின் வேகம் நல்ல டெஸ்க்டாப் பிராசசரைவிடப் பெரும்பாலும் குறைவு. எக்செல் 2007-இலிருந்து தன் கணக்கீட்டைப் பல கோர்களுக்குப் பிரித்துக்கொள்கிறது. ஆனால் அதில் வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிவைக்கும் மேக்ரோ என்ற சிறு நிரல் ஒரே கோரில்தான் ஓடும். மாதக் கடைசியில் பெரிய மேக்ரோ ஓட்டுபவருக்கு, விலை உயர்ந்த அந்தச் சர்வர் அவருடைய பழைய டெஸ்க்டாப்பைவிட மெதுவாகத் தெரிந்தால் அது அவர் கற்பனை இல்லை. வரைபடம் போடுபவர்களையும் வீடியோ தொகுப்பவர்களையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்களுக்கு டெஸ்க்டாப் கொடுங்கள்.

இவ்வளவு சொன்னதால் நான் தின் கிளையன்ட்டுக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் ஒன்று அதில் நடந்ததுதான். வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தின் கிளையன்ட் திடீரென்று அணைந்துவிட்டது. நான் அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்துப்போய் மூன்று கேபிள்களை மாற்றிச் செருகினேன். அவர் பாஸ்வேர்டு போட்டார். பாதியில் விட்ட வரி அப்படியே இருந்தது, கர்சர் அதே எழுத்துக்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது. எதிரில் இருந்தவர் எழுந்துகூடப் போகவில்லை. டெஸ்க்டாப்பாக இருந்திருந்தால் அன்றைய நாள் அவருக்குப் போயிருக்கும், டிஸ்க் போயிருந்தால் கோப்பும் போயிருக்கும்.

வேகத்திலும் தின் கிளையன்ட் தெளிவாக ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. தரவு சர்வரில் இருக்கிறது, அதைக் கிளை அலுவலகத்திலிருந்து மெதுவான இணைப்பில் திறக்கவேண்டும் என்றால், டெஸ்க்டாப் அந்தக் கோப்பு முழுவதையும் இழுத்து வரப்பார்க்கும். தின் கிளையன்ட்டில் மென்பொருளும் தரவும் ஒரே அறையில் இருக்கின்றன, திரையின் படம் மட்டும்தான் பயணம் செய்கிறது. நிமிடக்கணக்கில் திறந்த கணக்கு மென்பொருள் நொடிக்கணக்கில் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். திருடு போகும் கணினியோடு தரவும் போய்விடுமோ என்ற பயமும் இல்லை. வரவேற்பு மேசை, படிவம் நிரப்பும் மேசை, ஷிஃப்ட் மாறி மாறி உட்காரும் மேசை, பயிற்சி அறை, இவற்றுக்கெல்லாம் நான் தயங்காமல் தின் கிளையன்ட்டைத்தான் சொல்வேன்.

வீடியோ கால் மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. ஒரு முழு எச்டி திரையைச் சுருக்காமல் நொடிக்கு 60 முறை அனுப்பவேண்டுமானால் நொடிக்குக் கிட்டத்தட்ட 300 கோடி பிட் வேண்டும். எழுத்து நிறைந்த, அசையாத திரையில் மாறிய துண்டை மட்டும் அனுப்பினால் போதும் என்பதால்தான் தின் கிளையன்ட் என்ற ஏற்பாடே சாத்தியமாகிறது. அசையும் முகங்கள் வந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். கேமராப் படம் சர்வருக்குப் போய், அங்கிருந்து இணையத்துக்குப் போய், எதிர்முனைப் படம் சர்வருக்கு வந்து, மறுபடி சுருங்கி மேசைக்கு வரும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் மீட்டிங்கில் இருந்தால் மீட்டிங்கில் இல்லாதவர்களுக்கும் சிஸ்டம் ஸ்லோ ஆகும். படத்தையும் ஒலியையும் தின் கிளையன்ட்டே நேரடியாகக் கையாளும் வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது. நீங்கள் வாங்கும் மாடல், நீங்கள் பயன்படுத்தும் மீட்டிங் மென்பொருள், இரண்டும் சேர்ந்து அதை ஆதரிக்கின்றனவா என்று கேளுங்கள். ‘ஆதரிக்கும்’ என்ற வாய்வார்த்தை போதாது, உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்கேனர், கைரேகைக் கருவி, ரசீது பிரிண்டர் எல்லாவற்றுக்கும் இதே விதி.

விலை ஒப்பீட்டில் ஒரு அநியாயம் நடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். எட்டு வருடப் பழைய டெஸ்க்டாப், உள்ளே சுழலும் டிஸ்க், ரேம் 4 ஜிபி. அதன் பக்கத்தில் புத்தம் புது சர்வரோடு இணைத்த ஒரு தின் கிளையன்ட்டை வைத்து, அந்தச் சர்வரில் வேறு யாருமே இல்லாத நேரத்தில் ஓட்டிக் காட்டுகிறார்கள். தின் கிளையன்ட் பறக்கத்தான் செய்யும். அதே பழைய டெஸ்க்டாப்பில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமைக் கூட்டிவிட்டுப் பக்கத்தில் வையுங்கள். சர்வரில் உங்கள் ஊழியர்கள் அத்தனை பேரையும் ஏற்றுங்கள். அப்போது ஒப்பிடுங்கள். மின்சாரக் கணக்கும் அப்படித்தான். தின் கிளையன்ட் பத்து வாட் அளவில் ஓடுவது உண்மை. ஆனால் இரவும் பகலும் ஓடும் சர்வரையும் அந்த அறையைக் குளிரவைக்கும் ஏசியையும் அதே தாளில் எழுதுங்கள். சர்வரில் அமர்வு திறக்க, அதாவது லாகின் செய்து வேலை பார்க்க, ஒவ்வொருவருக்கும் வேண்டிய தனி உரிமத்தையும் எழுதுங்கள். ஒரு டெஸ்க்டாப் நின்றால் ஒருவர் நிற்பார், சர்வர் நின்றால் அலுவலகமே நிற்கும் என்பதால் ஒரு சர்வர் போனாலும் மற்றவை தாங்கும் அளவுக்குக் கூடுதலாக ஒன்று வேண்டும். அதுவும் தாளில் வரவேண்டும். இவ்வளவும் எழுதிய பிறகும் தின் கிளையன்ட் லாபமாக இருக்கலாம். இருந்தால் நல்லது, வாங்குங்கள். பெட்டியில் மிச்சமான பணத்தைச் சர்வரிலும் டிஸ்க்கிலும் நெட்வொர்க் ஸ்விட்சிலும் போடத் தயாராக இல்லாத அலுவலகம் மட்டும் இதில் இறங்கவே கூடாது.

என்னைப் போன்ற பராமரிப்பு ஊழியர்கள் சொல்வதையும் கொஞ்சம் கழித்துக் கேளுங்கள். எங்களுக்குத் தின் கிளையன்ட் பெரிய நிம்மதி. ஒரே இடத்தில் அப்டேட் போட்டால் போதும், மேசை மேசையாக அலையவேண்டாம். அந்த நிம்மதிக்காக நாங்கள் பரிந்து பேசுவோம். எங்கள் வசதிக்கும் திரைக்கு முன்னால் உட்காருபவரின் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

சோதனையைச் செலவில்லாமலே செய்யலாம். புதுப் பெட்டி ஒன்றுகூட இப்போது வாங்கவேண்டாம். 1999-இல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட் போன்ற திறந்த மென்பொருள்கள், பழைய டெஸ்க்டாப்பையே தின் கிளையன்ட்டாக மாற்றித் தருகின்றன. விண்டோஸ் 11 ஏறாத உங்கள் கணினிகள் இருபதை அப்படி மாற்றுங்கள். சர்வரை விற்பவரிடம் ஒரு மாதத்துக்குச் சோதனைக்குக் கேளுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள்: வேகமாகத் தட்டச்சு செய்பவர், பெரிய எக்செல் வைத்திருப்பவர், நாள் முழுக்க வீடியோ காலில் இருப்பவர், ஆங்கிலம் அல்லாத மொழியில் தட்டச்சு செய்பவர். கடைசியாகச் சொன்னவர் முக்கியம். அவருடைய விசைப்பலகை அமைப்பு மேசையில் இருந்தால் போதாது, சர்வரின் அமர்வுக்குள்ளும் இருக்கவேண்டும். இதை மறந்துவிட்டு முதல் நாள் தவித்த இடங்கள் உண்டு.

அளப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இப்போதைய கைபேசிகள் பலவற்றில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதி இருக்கிறது. விரலும் விசையும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்தை அடிக்கச் சொல்லுங்கள். விரல் விசையின் அடியைத் தொட்ட படத்திலிருந்து எழுத்து தோன்றிய படம் வரை எண்ணுங்கள். ஒரு படத்துக்கு நாலு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். 24 படம் என்றால் பத்தில் ஒரு நொடி, வேலை ஓடும். 100 படத்தைத் தாண்டினால் அந்த ஊழியர் நாள் முழுக்க அதைச் சுமக்கப்போகிறார். இதைப் பழைய டெஸ்க்டாப்பிலும் எடுங்கள், எஸ்.எஸ்.டி. போட்ட டெஸ்க்டாப்பிலும் எடுங்கள், தின் கிளையன்ட்டிலும் எடுங்கள். மதியம் மூன்று மணிக்கு எடுக்காதீர்கள். காலை ஒன்பது பத்துக்கு எடுங்கள், மாதக் கடைசி நாளில் எடுங்கள். லாகினையும் அப்போதே அளந்துவிடுங்கள்: பாஸ்வேர்டு போட்டு எண்டர் அடித்ததிலிருந்து முதல் மெயிலைப் படிக்க முடிகிற வரை.

அந்தக் காலையில் குழுவிலிருந்து ஒருவராவது கணக்குப் பிரிவுக்குப் போய், வவுச்சர் போடுபவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். ஒரு மணி நேரம் பேசாமல், அவர் எண்டர் அடித்த பிறகு கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு கோப்பைத் திறந்து கையெழுத்துப் போடுங்கள்.

மரியாதையுடன்,
அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் ஒரு ஊழியர்